தாய்லாந்து மொழி கற்க எந்தப் புத்தகம், எந்த வகுப்பு?

நம் சங்க அங்கத்தினர்களில் பாங்காக் போய்வருகிறவர்கள் இன்று கணிசமாக இருக்கிறார்கள். வற்றல் மிளகாய் அனுப்புகிறவர்கள், பேன்ஸி சாமான் கொள்முதலுக்குப் போகிறவர்கள், நவரத்தினக் கல் வியாபாரத்தில் இருப்பவர்கள் என்று பல தரத்தார். இவர்களில் பெரும்பாலோர் அரைகுறை ஆங்கிலத்தை வைத்துக்கொண்டோ, கால்குலேட்டரில் எண்ணைத் தட்டிக் காட்டியோ, தரகரை உடன் அழைத்துக்கொண்டோ காரியத்தை முடித்து வருகிறார்கள். தரகரை நம்பிப் போகிறவர் காதில் விழுவது தரகர் சொல்லும் விலைதான். கடைக்காரர் வாயிலிருந்து வந்த விலை என்னவென்று அவருக்குத் தெரியப்போவதில்லை. பிள்ளைகளையாவது அந்த மொழியைக் கற்கச் செய்யலாம் என்று பல வீடுகளில் இப்போது பேச்சு நடக்கிறது. எந்தப் புத்தகம் வாங்குவது, எந்த வகுப்பில் சேர்ப்பது என்று நம்மிடம் கேட்கும் அன்பர்களுக்காக, நாம் பார்த்ததையும் விசாரித்து அறிந்ததையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு சிறு சங்கடம். அந்த மொழியின் பெயர் 'தாய்'. புத்தகக் கடையில் போய் 'தாய் மொழி கற்கப் புத்தகம் வேண்டும்' என்று கேட்டால் தமிழ் அரிச்சுவடியை எடுத்து நீட்டுவார்கள். ஆகவே தாய்லாந்து மொழி என்றே இங்கே குறிப்பிடுகிறோம்.

நமக்கு நன்கு தெரிந்த ஒரு வற்றல் மண்டிக்காரர், தம் மூத்த மகனைப் பாங்காக்குக்கு அனுப்பி, அங்கே ஒரு மொழிப் பள்ளியில் ஓராண்டுக் கட்டணத்தை முன்னதாகவே கட்டினார். மாணவர் விசாவுக்கான காகிதங்களையும் அந்தப் பள்ளியே கொடுத்தது. வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு. வகுப்பில் பதினெட்டுப் பேர். பாடப் புத்தகம் முழுவதும் ஆங்கில எழுத்தில் அச்சிட்டது. எட்டு மாதம் கழித்துத் தந்தை அங்கே போய், மகனை அழைத்துக்கொண்டு ஒரு மொத்தக் கடைக்குப் போனார். 'என்னப்பா சொல்றார்?' என்று கேட்டதற்கு, 'டீச்சர் பேசினா புரியுதுப்பா, இவர் பேசுறது புரியலை' என்றானாம் பையன். ரசீதில் எழுதியிருந்ததையும் அவனால் படிக்க முடியவில்லை. மீதி நான்கு மாதக் கட்டணம் திரும்ப வரவில்லை. பையன் சோம்பேறி அல்லன். அவனுக்கு வாய்த்த புத்தகமும் வகுப்பும் அப்படி.

இது சுலபமான மொழி என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழிகள் கற்பிக்கும் பயிற்சி நிலையம் ஒன்றை வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர் தாய்லாந்து மொழியில் உத்தியோகம் பார்க்கும் அளவுக்குத் தேற 44 வாரம், சுமார் 1100 மணி நேர வகுப்பு வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. தினம் ஒரு மணி நேரம் என்று வைத்தால் மூன்று ஆண்டுகள். வணிகனுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனாலும் 'முப்பது நாளில்' என்று அட்டையில் போட்ட புத்தகத்தைப் பார்க்கும்போது இந்த 1100 மணியை நினைத்துக்கொள்வது நல்லது.

சிரமம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் சரியான புத்தகத்தைப் பொறுக்க முடியும். இலக்கணத்தில் சிரமம் மிகக் குறைவு. வினைச்சொல் காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப மாறுவதில்லை. வந்தான், வருகிறான், வருவான் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். 'நாளை', 'முடிந்தது' போன்ற சொற்களைச் சேர்த்துக் காலத்தைக் காட்டுகிறார்கள். சிரமம் முழுவதும் ஒலியில் இருக்கிறது. நாம் 'க' என்று ஒரே எழுத்தில் எழுதும் ஒலியை அவர்கள் மூச்சை அடக்கிச் சொன்னால் ஒரு பொருள், மூச்சை விட்டுச் சொன்னால் வேறு பொருள். மூச்சை அடக்கிக் 'கை' என்றால் கோழி. மூச்சை விட்டுக் 'கை' என்றால் முட்டை. 'பா' என்பது இன்னும் மோசம். ஒரு விதமாகச் சொன்னால் பெரியம்மா, மூச்சோடு சொன்னால் துணி, 'பாரம்' என்பதில் நாம் சொல்லும் அழுத்தமான 'பா'வாகச் சொன்னால் பைத்தியம். மூன்றையும் தமிழ் எழுத்தில் எழுதினால் ஒரே மாதிரிதான் இருக்கும். ஜவுளிக் கடையில் போய் இதைச் சொல்லிப் பழகுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மேல் தொனி என்று ஒன்று உண்டு. சமம், தாழ்வு, இறக்கம், உயர்வு, ஏற்றம் என்று ஐந்து தொனிகள். அரிசி வியாபாரிகளுக்குப் பொருத்தமான உதாரணம் ஒன்று சொல்கிறோம். மூச்சோடு 'காவ்' என்று நீட்டி, குரலை மேலிருந்து இறக்கினால் அரிசி. கீழிருந்து ஏற்றினால் வெள்ளை நிறம். தாழ்வாகவே வைத்தால் செய்தி. அதையே குறுக்கிக் 'கவ்' என்று ஏற்றிச் சொன்னால் 'அவர்', மலை என்ற பொருளும் உண்டு. இறக்கினால் 'உள்ளே நுழை', தாழ்த்தினால் முழங்கால். தாய்லாந்து அரசாங்கம் பெயர்ப் பலகைகளில் பயன்படுத்தும் ஆங்கில எழுத்து முறையில் இவை அத்தனையும் ஒரே எழுத்துக் கூட்டுதான். அந்த முறை தொனியையும் காட்டாது, குறில் நெடிலையும் காட்டாது. பெயர்ப் பலகைக்கு அது போதும். பாடப் புத்தகத்துக்குப் போதாது.

தொனிக் குறிகளோடு ஆங்கில எழுத்தில் அச்சிட்ட புத்தகங்களும் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் ஒவ்வொரு பதிப்பாளரும் ஒவ்வொரு முறை வைத்திருக்கிறார்கள். ஒரு புத்தகத்தில் கற்றவர் அடுத்த புத்தகத்தைத் திறந்தால் மீண்டும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கடைசியில் எந்த முறையும் கடைத்தெருவில் கிடையாது. ரசீது, சாக்கின் மேல் அச்சு, விலைச் சீட்டு எல்லாம் அவர்கள் எழுத்தில்தான் இருக்கின்றன. ஆகவே நம் அபிப்பிராயம் இதுதான்: அவர்கள் எழுத்தை முதல் பாடத்திலிருந்தே சொல்லிக்கொடுக்காத புத்தகத்தையும் வகுப்பையும் தொடவே வேண்டாம். தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு படிக்கலாம் என்ற யோசனையும் உதவாது. கோழியையும் முட்டையையும் பிரித்துக் காட்ட முடியாத எழுத்தை வைத்துக்கொண்டு மளிகை வாங்க முடியாது.

எழுத்து என்றதும் பயப்படுகிறார்கள். மெய்யெழுத்துகள் 44, அவற்றில் 2 வழக்கொழிந்துவிட்டன. பார்க்க மிரட்டும். ஆனால் நமக்கு இதில் ஒரு அனுகூலம் இருக்கிறது. அந்த எழுத்து கெமர் எழுத்திலிருந்து வந்தது. கெமர் எழுத்தோ நம் தென்னாட்டுப் பல்லவர் எழுத்திலிருந்து போனது. அதனால் வரிசை நமக்குத் தெரிந்த வரிசையேதான்: க இனத்தில் ஆரம்பித்து 'ங'வில் முடித்து, பிறகு ச இனம், த இனம், ப இனம், பின்பு ய, ர, ல, வ. வெள்ளைக்காரர்கள் 'ங'வைச் சொல்லின் முதலில் சொல்ல மாதக்கணக்கில் திணறுகிறார்கள். நாம் அரிச்சுவடியிலேயே சொல்லிப் பழகியவர்கள். அங்கே வேலைக்கு 'ஙான்' என்றும் பணத்துக்கு 'ஙொன்' போலவும் சொல்கிறார்கள். உயிர்க்குறி சில சமயம் மெய்யெழுத்துக்கு முன்னால் வரும் என்பது ஆங்கிலம் படித்தவர்களுக்குப் பெரிய விந்தை. 'கெ, கே, கை' எழுதிப் பழகிய நமக்கு அதில் என்ன விந்தை? இரு பக்கமும் குறி வருவதும் உண்டு. நம் 'கொ, கோ' போல. 'காசு' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வருகிறதே, பள்ளியில் குற்றியலுகரம் என்று படித்தோமே, அந்த ஒலியும் அவர்களிடம் உண்டு. அதை நீட்டி 'ஸு' என்றால் 'வாங்கு' என்று பொருள்.

சிரமமானது வேறு. மெய்யெழுத்துகளை மேல், இடை, கீழ் என்று மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். இடை வகுப்பில் 9, மேல் வகுப்பில் 11, கீழ் வகுப்பில் 24. ஒரே தொனிக்குறி எந்த வகுப்பு எழுத்தின் மேல் நிற்கிறது என்பதைப் பொறுத்துத் தொனி மாறும். இதை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். வாய்ப்பாடு மனப்பாடம் செய்த தலைமுறைக்கு இது பெரிய காரியம் அல்ல. இன்னொரு கஷ்டம், சொற்களுக்கிடையே இடம் விடாமல் எழுதுவார்கள். இது படிக்கப் படிக்கத்தான் பழகும். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒழுங்காக உட்கார்ந்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கலாம்.

இனிப் புத்தகங்கள். தமிழ் வழியாகக் கற்பிக்கும் நல்ல புத்தகம் எதுவும் நம் கைக்கு வரவில்லை. எளிய ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு நாம் முதலில் சொல்வது பெஞ்சவன் பூம்சான் பெக்கர் என்ற தாய்லாந்து அம்மையார் எழுதி 1995இல் வெளிவந்த 'தாய் ஃபார் பிகினர்ஸ்'. பாடந்தோறும் பேச்சும் எழுத்தும் அருகருகே போகின்றன, ஒலிப்பதிவும் உண்டு. டேவிட் ஸ்மித் எழுதிய 'டீச் யுவர்செல்ஃப் தாய்' விளக்கத்தில் இன்னும் தெளிவு. தனியாக உட்கார்ந்து படிக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு ஏற்றது. 'கொலோக்வியல் தாய்' என்ற புத்தகமும் (1994) கிடைக்கிறது. மார்வின் பிரவுன் என்ற அமெரிக்க அறிஞர் பாங்காக்கின் ஏ.யு.ஏ. மொழி நிலையத்துக்காக 1960களின் இறுதியில் எழுதிய மூன்று பாகங்கள் பழைய பாணி. ஒரே வாக்கியத்தைச் சொல் மாற்றி மாற்றி நூறு முறை சொல்ல வைக்கும். சலிப்பூட்டும், ஆனால் தொனி வாயில் படிந்துவிடும். அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிலையத்தின் 1970ஆம் ஆண்டுப் பாடமும் அதே மாதிரி. ஒலிப்பதிவோடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இலவசம் என்பதற்காக அதை மட்டும் வைத்துக்கொண்டு ஆரம்பிக்க வேண்டாம். அதில் உரையாடல் சர்க்கார் உத்தியோகஸ்தருக்காக எழுதியது, கடைக்காரருக்காக அல்ல.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிறகு, தாய்லாந்துப் பள்ளிகளில் 1978 முதல் 1994 வரை நடத்திய 'மானி' வாசகப் புத்தகங்களைத் தேடி வாங்கலாம். மானி என்ற சிறுமியும் அவள் தோழர்களும் வரும் கதைகள். அகராதி என்றால் மேரி ஹாஸ் 1964இல் வெளியிட்டது இன்னும் மதிப்புள்ளது. எந்தப் பொருளுக்கு எந்த அளவைச் சொல் என்று அதில் போட்டிருக்கிறது. சட்டைப் பையில் வைக்கும் சொற்றொடர்ப் புத்தகம் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம், பாடத்துக்கு அல்ல.

புத்தகத்தை வாங்குமுன் நாம் சரக்குக்கு மாதிரி பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். முதல் பாடத்தைப் பார்த்துப் பயனில்லை, எல்லாப் புத்தகத்திலும் அது அழகாகத்தான் இருக்கும். நடுவில் எட்டாவது, ஒன்பதாவது பாடத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வாக்கியமும் அவர்கள் எழுத்திலும் இருக்கிறதா? பயிற்சிகளுக்கு விடை பின்னால் இருக்கிறதா? வாங்குதல் விற்றல் பாடம் உண்டா? ஒலிப்பதிவில் ஆண் குரலும் பெண் குரலும் இருக்கின்றனவா? எழுத்து பெரிதாக அச்சாகியிருக்கிறதா? தொனிக்குறியும் சில உயிர்க்குறிகளும் எழுத்தின் தலைமேல் பொடியாக நிற்கும். நம் வயதுக்காரர்களுக்குச் சிறிய அச்சு உதவாது.

வகுப்புக்கு வருவோம். பாங்காக்கில் மொழிப் பள்ளிகள் ஏராளம். கிறிஸ்தவ ஊழியர்களுக்குக் கற்பித்த வழியில் வந்த பள்ளிகள் நாள்தோறும் சில மணி நேரம், மாதம் ஒரு படி என்று ஒழுங்காக நடத்தும் முறையை வைத்திருக்கின்றன. சுலலாங்கோர்ன் பல்கலைக்கழகத்தின் கலைப் புலம் நடத்தும் தீவிரப் பயிற்சி கடினமானது. வீட்டுப் பாடம், பரீட்சை எல்லாம் உண்டு. கடை வேலையோடு சேர்த்து அதைச் செய்ய முடியாது. மேலே சொன்ன மார்வின் பிரவுனே பிற்காலத்தில் தம் பழைய முறையை விட்டுவிட்டு, 1984 முதல் ஏ.யு.ஏ. நிலையத்தில் வேறொரு முறையைத் தொடங்கினார். மாணவன் பல நூறு மணி நேரம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், குழந்தை கேட்பது போல. காது நன்றாகத் தேறும் என்று அதில் பயின்றவர்கள் சொல்கிறார்கள். அடுத்த மாதம் கொள்முதலுக்குப் போக வேண்டியவருக்கு அது ஒத்துவராது. ஆனால் அந்த முறையில் பதிவு செய்த பாடங்கள் இணையத்தில் இருக்கின்றன. இரவில் கணக்கு எழுதி முடித்த பிறகு அரை மணி கேட்கலாம், செலவில்லை.

எந்தப் பள்ளியானாலும் பணம் கட்டுமுன் ஒரு மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். கொடுக்க மறுத்தால் வேறு பள்ளி பாருங்கள். உட்கார்ந்தால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். மாணவன் தப்பான தொனியில் சொன்னால் ஆசிரியர் நிறுத்தித் திருத்துகிறாரா, அல்லது சிரித்துவிட்டு மேலே போகிறாரா? ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு மாணவனும் எத்தனை நிமிஷம் வாய் திறக்கிறான்? ஆறு பேருக்கு மேல் உள்ள வகுப்பில் தொனி வராது என்பது நம் எண்ணம். கட்டணத்தை மாதா மாதம் கட்டுங்கள். ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். விற்காத சரக்குக்குத்தான் அப்படித் தள்ளுபடி கொடுப்பது வழக்கம். மாணவர் விசாவுக்காக ஒரு பள்ளியில் சேர்வதானால், அது தாய்லாந்துக் கல்வி அமைச்சின் உரிமம் பெற்றதா என்று பார்க்க வேண்டும். மாணவர் விசாவில் அங்கே வேலை செய்யவோ வியாபாரம் நடத்தவோ அனுமதி கிடையாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

ஊரை விட்டுப் போக முடியாதவர்களுக்குக் கைபேசி வழியாகத் தனி ஆசிரியர் வைத்துக்கொள்வதே சிலாக்கியம். அங்கே நேரம் நமக்கு ஒன்றரை மணி முன்னால் ஓடுகிறது. நாம் கடையடைத்த பிறகு அவர்கள் தூங்கிவிடுவார்கள். காலை 6 மணிக்கு வைத்துக்கொண்டால் அவர்களுக்கு ஏழரை, இருவருக்கும் வசதி. முதலில் சொன்ன பையனும் இப்படி ஒரு தனி ஆசிரியையிடம்தான் பிறகு கற்றான். அந்த அம்மாள் முதல் ஆறு வாரம் எழுத்தைத் தவிர வேறு எதையும் தொடவில்லையாம். இப்போது ரசீதை அவனே படித்துச் சரிபார்க்கிறான். ஆசிரியையிடம் கற்கும் ஆண்பிள்ளைகள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மரியாதைக்காக வாக்கியத்தின் கடைசியில் ஆண்கள் 'க்ரப்' என்றும் பெண்கள் 'கா' என்றும் சேர்ப்பார்கள். ஆசிரியை சொல்வதை அப்படியே சொல்லிப் பழகினால் கடைத்தெருவில் சிரிப்பார்கள்.

ஆசிரியரிடம் நம் தேவையை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஓட்டலில் சாப்பாடு கேட்பதும் கோயிலுக்கு வழி கேட்பதும் பிறகு வரட்டும். முதலில் எண்கள். இதிலும் நமக்கு அனுகூலம். பத்தாயிரத்துக்குத் தனிச் சொல், லட்சத்துக்கு 'ஸேன்' என்று தனிச் சொல் உண்டு. பத்து லட்சத்துக்கு 'லான்'. ஆங்கிலேயர் நூறாயிரம் என்று மனத்துக்குள் மாற்றிக் கணக்குப் போடும்போது நாம் நேரே லட்சமாகவே நினைக்கலாம். 3,50,000 என்பதை 'மூன்று லட்சம் ஐந்து பத்தாயிரம்' என்று சொல்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்தது நிறுவை. கிலோ என்பது கிலோவேதான். சந்தையில் 100 கிராமுக்குக் 'கீத்' என்ற சொல் புழங்குகிறது. விலை கீத்துக்கா கிலோவுக்கா என்று தெரியாமல் தலையாட்டக் கூடாது. தங்கம் வாங்குகிறவர்கள், 'பாட்' என்பது நாணயத்தின் பெயர் மட்டுமல்ல, நிறையின் பெயரும் என்று அறிய வேண்டும். கட்டித் தங்கத்தில் ஒரு பாட் 15.244 கிராம்.

பிறகு அளவைச் சொற்கள். அவர்கள் மொழியில் எண்ணோடு அளவைச் சொல் சேர்த்துத்தான் எதையும் எண்ண முடியும். சாக்குக்கு ஒரு சொல், பாட்டிலுக்கு ஒரு சொல், பெட்டிக்கு ஒரு சொல். 'அரிசி மூன்று மூட்டை' என்று நாம் சொல்லும் அதே வரிசையில் 'காவ் ஸாம் க்ரஸோப்' என்கிறார்கள். கடைக்காரரை அழைப்பதிலும் நம் ஊர்ப் பழக்கம்தான். வயதில் மூத்தவரை 'பீ', இளையவரை 'நோங்' என்பார்கள்; நாம் அண்ணே, தம்பி என்பது போல. பெயர் தெரியாதவரையும் அப்படி அழைத்தால் குறையாகக் கொள்வதில்லை. கிழமைகளுக்குப் பாடமே வேண்டாம். ஆதித், சன், அங்கான், புத் என்று ஆதித்தன், சந்திரன், அங்காரகன், புதன் அப்படியே வருகிறார்கள். வாணிபத்துக்கு 'பாணித்' என்று சொல். அவர்கள் வர்த்தக அமைச்சின் பெயரிலேயே அது இருக்கிறது. தெற்குத் தாய்லாந்தில் தகுவா பாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தை மணிக்கிராமத்தார் என்ற நம் வணிகக் குழுவின் காவலில் விட்டதைச் சொல்கிறது. அவர்களும் அந்த ஊர் மொழியை யாரிடமாவது கற்றுத்தான் இருப்பார்கள்.

'கைபேசியே மொழிபெயர்க்கிறதே, எதற்கு வகுப்பு?' என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பெயர்ப் பலகை படிக்க அது நல்ல உதவி. பேரம் பேசும்போது, கடைக்காரர் பங்காளியிடம் திரும்பி இரண்டு வார்த்தை சொல்வாரே, அதை எந்தக் கைபேசி நமக்குப் பிடித்துக் கொடுக்கும்?

வகுப்பில் ஒரு மாதம் கழிந்ததும், தாங்கள் வாங்கி விற்கும் சரக்குகளின் பட்டியலை ஆசிரியரிடம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் நேரே அவர்கள் எழுத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாங்களே உரக்கப் படித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். பொதுப் புத்தகத்தில் இருக்காத விஷயங்கள் அதில்தான் வெளிப்படும். மிளகாய்க்குப் 'ப்ரிக்' என்று பெயர். 'ப்ரிக் தாய்' என்று ஒரு சொல்லைக் கேட்டுத் தாய்லாந்து மிளகாய் என்று நினைத்துவிடக் கூடாது, அது மிளகு. வற்றல் மிளகாய் வேண்டுமென்றால் 'ப்ரிக் ஹேங்' என்று கேட்க வேண்டும்.